கோஸ் இலையாகவே நிற்கிறது, உருண்டை பிடிக்கவில்லை

வைகைக்கரை | மதுரை | மார்ச் 9

எல்லோருக்கும் வணக்கம். மொட்டைமாடியில் 8 பைகளில் முட்டைக்கோஸ் போட்டிருக்கிறேன். டிசம்பர் கடைசியில் விதை போட்டு, ஜனவரி 26 லீவு நாளில் நாற்றை எடுத்து நட்டேன். இன்றோடு 42 நாள். இலை ஒவ்வொன்றும் சின்ன முறம் அளவுக்கு விரிந்து கிடக்கிறது. நடுவில் உருண்டையைத்தான் காணோம். குருத்து கை கூப்பின மாதிரி மேலே வரும். நாளைக்குக் கட்டிவிடும் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனால், ரெண்டு நாளில் அதுவும் கையை விரித்துவிடுகிறது.

மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, வாரம் ஒருமுறை பஞ்சகவ்யா, நடுவில் மீன் அமிலம் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. இலைகளைச் சேர்த்துச் சணலால் கட்டு, தானாக உருண்டை பிடிக்கும் என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னார். இரண்டு செடிக்குக் கட்டியும் விட்டேன். "20 ரூபாய்க் கோஸுக்கு 800 ரூபாய்க்கு உரமா" என்று மாமியார் தினமும் காபியோடு சேர்த்துக் கொடுக்கிறார். ஏதாவது வழி உண்டா?

மண்வெட்டி | திண்டுக்கல் | மார்ச் 9

முதலில் அந்தச் சணலை அவிழ்த்துவிடுங்கள். கட்டுவது காலிஃபிளவருக்கு. வெயில் பட்டுப் பூ மஞ்சளாகாமல் இருக்க மேல் இலையைச் சேர்த்துக் கட்டுவார்கள். கோஸ் உள்ளேயிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும். வெளியே கயிறு போட்டால் காற்றோட்டம் இல்லாமல் புழுவுக்கு வாடகையில்லாத வீடு, அவ்வளவுதான்.

வைகைக்கரை | மதுரை | மார்ச் 10

அவிழ்த்தேன். வாடகையில்லாமல் நாலு பேர் இருந்தார்கள்.

பச்சைப்பாத்தி | விருதுநகர் | மார்ச் 10

அக்கா, இது பொட்டாஷ் குறைபாடு. எனக்கும் இப்படித்தான் இருந்தது. வாழைப்பழத் தோலை மூன்று நாள் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றுங்கள். கூடவே எப்சம் உப்பு லிட்டருக்கு ஒரு ஸ்பூன். பத்து நாளில் கட்டும்.

குழித்தட்டு | கிருஷ்ணகிரி | மார்ச் 10

தம்பி, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தச் செடிக்கு எந்தத் தோலை ஊற்றினாலும் கட்டாது. சகோதரி செடிக்கு எல்லாம் கொடுத்திருக்கிறார், தேதியை மட்டும் கொடுக்கவில்லை.

நான் 11 வருடம் கோஸ் போட்டவன். இந்தப் பயிருக்குப் பிடித்த வெப்பம் 15 முதல் 20 டிகிரி. 25-ஐத் தாண்டினால் சுணங்கும். 30-க்கு மேல் போனால் உருண்டை லூசாகும், இல்லையென்றால் வரவே வராது. கோஸ் உருண்டை என்பது என்ன? தண்டு நீளாமல் குட்டையாகவே நிற்க, உள்ளே பிறக்கிற இலை விரியாமல் ஒன்றன்மேல் ஒன்று மூடிக்கொள்வது. மூடச் சொல்வது குளிர்ச்சி. நட்டு 35, 40 நாளில்தான் செடி அந்த வயசுக்கு வரும். உங்கள் செடி அந்த வயசுக்கு வந்தபோது மதுரையில் மாசி வெயில் ஆரம்பித்துவிட்டது. குருத்து கூப்பிக் கூப்பி விரிவதற்கு அதுதான் காரணம்.

சமவெளிக்கு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை என்றுதான் வேளாண் பல்கலைக்கழகமும் சொல்கிறது. மதுரை போன்ற ஊரில் அதிலும் நடுப்பகுதியைப் பிடிக்க வேண்டும். உருண்டை பிடிக்கிற மூன்று வாரம் மார்கழிக்குள் விழுகிற மாதிரி பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். டிசம்பரில் கட்ட வேண்டும் என்றால் அக்டோபர் இறுதிக்குள் நடவு முடிந்திருக்க வேண்டும். நாற்றுக்கு 25 நாள். ஆக, செப்டம்பரில் விதை.

அப்புறம் ரகம். பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தது?

வைகைக்கரை | மதுரை | மார்ச் 10

பாக்கெட்டில் கோஸ் படமும் "முட்டைகோஸ்" என்ற எழுத்தும் மட்டும்தான் சார். ஆன்லைனில் 20 வகை விதை சேர்ந்த தொகுப்பாக வாங்கினேன். கத்தரி, வெண்டையோடு இதுவும் இருந்தது.

குழித்தட்டு | கிருஷ்ணகிரி | மார்ச் 10

ரகம் பேர் போடாத கோஸ் விதையை வாங்காதீர்கள். கோல்டன் ஏக்கர் என்றால் நட்டு 60, 65 நாளில் ஒரு கிலோ சுமார் எடையில் உருண்டையாக வரும். வீட்டுக்கு நல்லது. ஆனால் அதற்கும் குளிர் வேண்டும், எங்கள் தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் சுகமாக வரும். பூசா டிரம்ஹெட் பெரிசாக, தட்டையாக வரும். அதற்கு இன்னும் நாளும் குளிரும் கூட வேண்டும், மதுரைக்கு ஆகாது. உங்களுக்கு வெப்பம் தாங்கும் வீரிய ஒட்டு ரகம்தான் சரி. கடையில் கேட்கும்போது "வெயில் காலத்துக்கும் கட்டுகிற கோஸ் விதை" என்று கேளுங்கள். ஒரு கிராமில் 250 விதைக்கு மேல் இருக்கும். நாலு வீட்டுக்குப் பங்கு போட்டாலும் மிஞ்சும்.

இப்போது கைவசம் இருக்கிற செடிகளைப் பிடுங்கி மாட்டுக்குப் போடுங்கள். இளம் இலை மட்டும் பொரியலுக்கு ஆகும்.

பச்சைப்பாத்தி | விருதுநகர் | மார்ச் 11

சரி சார், ஆனால் எனக்குக் கட்டியதே?

குழித்தட்டு | கிருஷ்ணகிரி | மார்ச் 11

எந்த மாதம் கட்டியது?

பச்சைப்பாத்தி | விருதுநகர் | மார்ச் 11

டிசம்பர் 😅

கோத்தகிரிக்காரன் | மார்ச் 12

இங்கே வந்தால் கோஸ் தானாகக் கட்டும் என்று சமவெளிக்காரர்கள் நினைக்கிறீர்கள். குளிர் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கூடவே வேர்முண்டு நோயும் இருக்கிறது. மத்தியான வெயிலில் செடி வாடும், சாயங்காலம் நிமிரும். தண்ணீர்க் குறை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்போம். பிடுங்கிப் பார்த்தால் வேர் வேராக இருக்காது, இஞ்சிக் கிழங்கு மாதிரி முண்டுமுண்டாக வீங்கிக் கிடக்கும். அந்த நோய்க்கிருமியின் வித்துகள் மண்ணில் பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். மலை மண் புளிப்பு மண், அதற்குக் கொண்டாட்டம். சுண்ணாம்பு போட்டுப் போட்டுத்தான் ஓட்டுகிறோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், டூர் வந்துவிட்டுப் போகிறவர்கள் நர்சரியில் கோஸ் நாற்றை மண்ணோடு வாங்கிக்கொண்டு போகிறார்கள். அப்படிக் கொண்டுபோகாதீர்கள். செருப்பில் ஒட்டின மண்ணோடு போகிற நோய் இது. விதையிலிருந்து வளர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் பெரிய, நாள் கூடின ஒரு ரகத்தைப் போடுவோம். பேரே செப்டம்பர்.

மாடிவீடு_தாம்பரம் | மார்ச் 12

அதை செப்டம்பரில்தான் நட வேண்டுமா அண்ணா?

கோத்தகிரிக்காரன் | மார்ச் 12

வருடத்துக்கு ஒருத்தராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள்.

மாடிவீடு_தாம்பரம் | மார்ச் 13

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, குழித்தட்டு சார். நீங்கள் சொல்கிற மாதிரி செப்டம்பரில் விதைத்து அக்டோபரில் நட்டால், சரியாக வடகிழக்குப் பருவமழை தலையில் இறங்குகிறது. போன தடவை 12 செடி வைத்தேன். இலை ஓரத்தில் ஆங்கில வி எழுத்து மாதிரி மஞ்சள் விழுந்தது. முனை நரம்பை நோக்கி உள்ளே போனது, நரம்பெல்லாம் மை தடவின மாதிரி கறுத்தது. ஒரு இலையை உடைத்துப் பார்த்தேன், காம்பில் கறுப்பு வட்டம். அப்புறம் ஒரு நாற்றம், சாக்கடை தோற்றது. பன்னிரண்டில் எட்டு போனது.

குழித்தட்டு | கிருஷ்ணகிரி | மார்ச் 13

அதுதான் கரும் அழுகல். பாக்டீரியா நோய். விதையிலேயே வரும், மழைத்துளி தெறித்துப் பக்கத்துச் செடிக்குப் போகும். வந்த பிறகு மருந்து அடித்துப் பிரயோஜனம் இல்லை, பிடுங்கிப் பையோடு அப்புறப்படுத்துவதுதான் வழி. வருமுன் செய்ய இரண்டு காரியம் உண்டு. விதையை 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் வைத்து எடுத்து உலர்த்தி விதைப்பது ஒன்று. வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், விரல் விட்டுப் பார்த்துச் செய்தால் விதை வெந்துவிடும். ஏற்கெனவே மருந்து பூசிய ரோஸ் கலர் விதைக்கு இதைச் செய்யாதீர்கள். இரண்டாவது, தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் வேரில் ஊற்றுவது.

சென்னைக்கு நான் சொல்வது: அக்டோபர் கடைசியில் விதைத்து, நாற்றைக் கூரைக்கடியில் வெளிச்சம் படும் இடத்தில் காப்பாற்றி, கார்த்திகை மழை குறைந்ததும் நடுங்கள். பிப்ரவரியில் சின்னதாக ஒன்று கிடைக்கும். ரகம் மட்டும் வெப்பம் தாங்குவதாக இருக்க வேண்டும்.

செம்பாட்டான் | யாழ்ப்பாணம் | மார்ச் 14

கோஸை நாங்கள் கோவா என்றுதான் சொல்லுவோம். இங்கேயும் அதே கதைதான். மாரி மழை ஓயும் வரைக்கும் கன்றைப் பக்குவமாக வைத்திருந்து, மார்கழி பனிக்குக் கோவா உருளுகிற மாதிரிப் பார்த்து நடுவோம். கே.கே. கிராஸ் என்ற ஒட்டு இனம்தான் சூட்டுப் பகுதிகளில் அதிகம். நுவரெலியா மலைக் கோவா அளவுக்குப் பாரம் வராது. ஆனால் வறை (உங்கள் பொரியல் மாதிரி) செய்து பாருங்கள், இதுதான் ருசி. செம்பாட்டு மண்ணில் மலைக்காரர் சொன்ன அந்த வேர் வீக்கத்தை என் தோட்டத்தில் நான் கண்டதில்லை.

வைகைக்கரை | மதுரை | மார்ச் 14

எல்லோருக்கும் நன்றி. செடிகளைப் பிடுங்கிவிட்டேன். ஒரு சந்தேகம்: ஒன்றை மட்டும் விட்டுவைத்துப் பூக்கவிட்டு விதை எடுக்கலாமா?

குழித்தட்டு | கிருஷ்ணகிரி | மார்ச் 14

மதுரையில் பூக்காது அம்மா. கோஸ் இரண்டு வருடப் பயிர். நல்ல குளிரில் சில வாரம் இருந்தால்தான் பூத்தண்டு எழும்பும். அதனால்தான் கோஸ் விதை வேலையெல்லாம் இமாசலத்தில் நடக்கிறது. குலு பள்ளத்தாக்கில் கட்ரைன் என்ற ஊரில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு நிலையமே இருக்கிறது. கரும் அழுகலைத் தாங்கும் பூசா முக்தா அங்கே உருவானதுதான்.

வைகைக்கரை | மதுரை | அக்டோபர் 7

பழைய இழையை எழுப்புகிறேன். செப்டம்பர் 8-ஆம் தேதி நாற்று வளர்க்கிற குழித்தட்டில் விதை போட்டேன், வெப்பம் தாங்கும் ஒட்டு ரகம். ஐந்தாம் நாள் முளைத்தது. நிழலில் வைத்ததால் நாற்று நூல் மாதிரி நீண்டுவிட்டது. அப்புறம் காலை வெயிலுக்கு மாற்றினேன். அக்டோபர் 5 அன்று 6 பையில் நட்டேன், நீண்ட தண்டை முதல் இலை வரை மண்ணுக்குள் இறக்கி. பை 12 அங்குல ஆழம், பைக்கு ஒன்றுதான். செம்மண், மட்கிய சாணம், தென்னை நார்க்கழிவு.

இந்தத் தடவை தேதி சரி. புழுவுக்கு என்ன செய்வது? போன முறை மாலை முழுக்கப் புழு பொறுக்கியே போனது.

மண்வெட்டி | திண்டுக்கல் | அக்டோபர் 7

கொசுவலை போட்டு மூடிவிடுங்கள். பாகற்காய், பூசணிக்கு வலை போட்டால் தேனீ வராது, காய் பிடிக்காது. கோஸில் நாம் சாப்பிடுவது இலை. பூவும் வேண்டாம், தேனீயும் வேண்டாம். நட்ட அன்றைக்கு மூடி, அறுக்கிற அன்றைக்குத் திறக்கலாம். நாலு பிவிசி குழாயை வளைத்து மேலே வலை, கீழே செங்கல். என் வீட்டில் பழைய கல்யாணக் கொசுவலைதான்.

பச்சைப்பாத்தி | விருதுநகர் | அக்டோபர் 8

வலையெல்லாம் எதற்கு? ஓரத்தில் இரண்டு பை கடுகு போடுங்கள். பூச்சி எல்லாம் கடுகுக்குப் போய்விடும். இதுவும் பல்கலைக்கழகம் சொன்னதுதான், குழித்தட்டு சார் சண்டைக்கு வர முடியாது.

குழித்தட்டு | கிருஷ்ணகிரி | அக்டோபர் 8

சண்டை இல்லை. கடுகு பொறிப்பயிர், சரியான விஷயம். ஆனால் அது வயலுக்கு. 25 வரிசை கோஸுக்கு ஒரு வரிசை என்ற கணக்கில், கோஸுக்குப் பதினைந்து நாள் முன்னாலேயே விதைத்து, கடுகில் சேர்கிற பூச்சியைச் சரியான நேரத்தில் அழிக்கவும் வேண்டும். அழிக்காமல் விட்டால் அது பொறி இல்லை, பந்தல் போட்டு வரவேற்பு. ஆறு பை வைத்திருக்கிறவர் இரண்டு பை கடுகு வைத்தால் பூச்சி பேரன் பேத்தி எடுத்துப் பக்கத்துப் பைக்கு நடந்தே வரும். என் ஓட்டு வலைக்கு.

நம் எதிரியையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். வைரமுதுகு அந்துப்பூச்சி. உட்கார்ந்திருக்கும்போது முதுகில் மூன்று வெளிர் வைரம் தெரியும். அரை அங்குலம்கூட இருக்காது. புழு இளம்பச்சை. குச்சியால் தொட்டால் பின்பக்கமாக நெளிந்து, நூல் விட்டுக் கீழே தொங்கும். தொங்கினால் அதுதான், சந்தேகமே வேண்டாம். இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்று மேல்தோலை மட்டும் கண்ணாடி மாதிரி விட்டுவைக்கும். 1950-களிலேயே டிடிடி பூச்சிமருந்துக்கு அசையாமல் நின்ற பூச்சி இது. வயல்வெளியில் பி.டி. என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்துக்கு முதலில் பழகிக்கொண்டதும் இதேதான். எங்கள் பக்கம் வாரம் இரண்டு முறை மருந்து அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அப்படியும் அது இருக்கிறது. வீட்டில் வளர்ப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நல்ல காரணம் இதுதான். விலை ஒரு காரணமே இல்லை, அதில் உங்கள் மாமியார் சொல்வது சரி.

வைகைக்கரை | மதுரை | அக்டோபர் 19

வலை போட்டு ஒரு வாரம். உள்ளே புழு!! வெளியே இருந்தபோதுகூட இவ்வளவு இல்லை. ஒரு செடியில் குருத்தையே காணவில்லை. நடுவில் ஓட்டை, நூலும் எச்சமுமாக ஒரு சிக்கல்.

மண்வெட்டி | திண்டுக்கல் | அக்டோபர் 19

நட்ட அன்றைக்கே மூடச் சொன்னேனே அக்கா. நட்டது 5, மூடியது 12. அந்த ஒரு வாரத்தில் முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கும். இப்போது உள்ளே குளவியும் வராது, சிட்டுக்குருவியும் வராது, புழுவுக்குப் போலீஸ் பந்தோபஸ்து கொடுத்த மாதிரி. ஒரு நாள் திறந்து வைத்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பி நசுக்குங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி. அப்புறம் மூடுங்கள்.

குருத்து போன செடி கட்டாது. குருத்துப் புழு வேலை அது. பக்கத்தில் இரண்டு மூன்று துளிர் வரும், எல்லாம் குட்டி குட்டியாக நிற்கும். இடத்தை அடைக்காமல் பிடுங்கிவிடுங்கள்.

மாடிவீடு_தாம்பரம் | அக்டோபர் 20

நசுக்க மனசு வராதவர்களுக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி. ஆனால் ஒரு விஷயம், கோஸ் இலையில் மெழுகுப் பூச்சு உண்டு. தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு கீழே போய்விடும், நாம் அடித்தது எல்லாம் தரைக்குத்தான். காதி சோப்பைச் சீவிக் கரைத்து எண்ணெயோடு நுரைக்கக் கலக்கி, அப்புறம் தண்ணீர் சேருங்கள். இலையில் படலமாகப் பரவினால் கலவை சரி. முத்தாக நின்றால் இன்னும் கொஞ்சம் சோப்பு. சாயங்காலம், இலையின் அடிப்பக்கம்.

வைகைக்கரை | மதுரை | நவம்பர் 16

42-ஆம் நாள். அதே 42. ஐந்து செடியிலும் குருத்து கூப்பினது கூப்பினபடியே நிற்கிறது, விரியவில்லை! விரலால் லேசாக அழுத்தினால் உள்ளே கெட்டியாக ஏதோ இருக்கிறது.

அடி இலை நாலு ஓட்டை விழுந்து அசிங்கமாக இருக்கிறது, பறித்துவிடலாமா?

குழித்தட்டு | கிருஷ்ணகிரி | நவம்பர் 16

கை வைக்காதீர்கள். அந்த அசிங்கமான இலைதான் உள்ளே இருக்கிற அழகுக்குச் சோறு போடுகிறது. வெளிச்சம் படுவது அதற்குத்தான், மூடியிருக்கிற இலை சும்மா வாங்கிச் சாப்பிடும். முழுக்க மஞ்சளானது, மண்ணில் படுவது, நோய் வந்தது மட்டும் எடுங்கள். வேர் மேலாகவே ஓடும் பயிர், கிளறாதீர்கள். காய்ந்த இலையை மூடாக்காகப் போடுங்கள். இனிமேல் தண்ணீர் ஒரே சீராகப் போக வேண்டும், அது ரொம்ப முக்கியம். உரத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

வைகைக்கரை | மதுரை | டிசம்பர் 15

இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டேன். பை காய்ந்திருந்தது. ஞாயிறு இரவு நல்ல மழை. இன்று காலை பார்த்தால் பெரிய கோஸ் நடுவில் பிளந்து நிற்கிறது, தேங்காய் உடைத்த மாதிரி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கோத்தகிரிக்காரன் | டிசம்பர் 15

பிளந்ததை இன்றைக்கே அறுத்துச் சமையுங்கள், ருசிக்கு ஒன்றும் ஆகாது. காய்ந்த செடி திடீரென்று தண்ணீரைக் குடித்தால் உள் இலை பெருக்கும், வெளி இலையால் பிடிக்க முடியாது. மீதி நாலையும் இரண்டு கையாலும் பிடித்து, கால் வட்டம் மெதுவாகத் திருகிவிடுங்கள். கொஞ்சம் வேர் அறுபடும் சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். தண்ணீர் இழுப்பது குறையும், இன்னும் ஒரு வாரம் தாங்கும்.

வைகைக்கரை | மதுரை | டிசம்பர் 15

திருகினேன். நறநற என்று கேட்டது. எனக்குப் பல் கூசியது.

வைகைக்கரை | மதுரை | டிசம்பர் 22

இன்று முதல் முழுக் கோஸ். அடியில் நாலு இலை விட்டுக் கத்தியால் அறுத்தேன். தராசில் 740 கிராம். கடைக் கோஸ் மாதிரி வெள்ளை இல்லை, உள்வரைக்கும் இளம்பச்சை. அரியும்போது சலசல என்று சத்தம். பாசிப்பருப்பு, தேங்காய் போட்டுப் பொரியல். உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு வைத்தேன், ஒரு புழு மிதந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

குழித்தட்டு | கிருஷ்ணகிரி | டிசம்பர் 22

மதுரைக்கு 740 கிராம் நல்ல எடை. தண்டைப் பிடுங்காதீர்கள். வெட்டின இடத்தில் கூட்டல் குறி மாதிரி லேசாகக் கீறிவிட்டு, ஒரு கை மண்புழு உரம் போடுங்கள். நாலைந்து குட்டிக் கோஸ் வரும். அது முடிந்ததும் அந்தப் பையில் முள்ளங்கி, நூல்கோல், காலிஃபிளவர் எதுவும் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். வெண்டையோ கொத்தவரையோ போடுங்கள்.

பச்சைப்பாத்தி | விருதுநகர் | டிசம்பர் 23

அக்கா, வாழைப்பழத் தோல் ஊற்றினீர்களா?

வைகைக்கரை | மதுரை | டிசம்பர் 23

இல்லை தம்பி 🙂

வைகைக்கரை | மதுரை | ஜனவரி 24

கீறிவிட்ட தண்டில் நாலு துளிர், எலுமிச்சம்பழ அளவு. மொத்தம் ஐந்து கோஸ் அறுத்தாயிற்று, கடைசியாக வந்தது 610 கிராம், கொஞ்சம் லூசு. வெளியில் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று மாமியார் உத்தரவு. பக்கத்து வீட்டு அத்தைக்கு மட்டும் பாதி போனது. கையில் வாங்கி அழுத்திப் பார்த்துவிட்டு, "நான்தான் அப்போதே சொன்னேனே, கயிறு கட்டினாயா?" என்று கேட்டார்.